தெளிந்த மீட்டும் சுகந்தியின் கையும்

சுகந்தியின் வலது கையில் இரண்டு விரல்கள் இன்று வரை மடங்குவதில்லை. அவள் போத்தலைத் தவறவிட்டதால் அப்படி ஆகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எட்மண்டனில் பலர் இன்னும் மற்றக் கதையைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

1. கலங்கல்

எட்மண்டன் தொழிற்பேட்டை ஒன்றில் கேதீஸ் என்பவர் மீட் செய்து விற்றுவந்தார். தேனையும் தண்ணீரையும் கலந்து, ஈஸ்ட் போட்டு நொதிக்க வைத்து எடுக்கும் மதுதான் மீட். வீட்டுக் கராஜில் பொழுதுபோக்காகத் தொடங்கியவர், லைசென்ஸ் எடுத்து யூனிட் பிடித்த பிறகும் லேபிளில் ‘வீட்டுத் தயாரிப்பு’ என்றே போட்டார். நான் அதற்கு முன் ஒரு ஜூஸ் பாக்டரியில் குவாலிட்டி கொன்ட்ரோலில் பல வருடம் இருந்தவள். அது மூடப்பட்டதும் இங்கே வேலைக்குச் சேர்ந்தேன். டாங்குகளைப் பார்ப்பது என் பொறுப்பு. போத்தல்களைத் துடைத்து லேபிள் ஒட்டிப் பெட்டியில் அடுக்குவது சுகந்தியின் வேலை. அவளும் கணவனும் கேதீஸுக்குச் சொந்தமான வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு டாங்க் தெளியவே இல்லை. பழைய எலுமிச்சைச் சாறு போலக் கலங்கிக் கிடந்தது. கிறிஸ்மஸ் சந்தைக்கு ஸ்டால் எடுத்திருந்த கேதீஸுக்குப் பொறுமை இல்லை. ஃபைனிங் போடச் சொன்னார்.

ஃபைனிங் என்பது கலங்கலை இழுத்துக்கொண்டு அடியில் படியும் பொருள். பென்டோனைட் என்ற களிமண் ஒரு வகை. நாங்கள் வைத்திருந்தது இரண்டு பாகமாக வருவது: முதலில் சிலிக்கா கரைசல், பிறகு இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான். ஒன்றுக்கொன்று எதிரான மின்னூட்டம் உள்ளவை. மிதக்கும் துகள்கள் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக் கட்டியாகி இறங்கிவிடும். நல்ல பொருள்தான். ஆனால் நொதித்து முடிந்த மீட்டில்தான் அதைப் போட வேண்டும்.

எவ்வளவு சீனி மிச்சம் இருக்கிறது என்று காட்டும் ஹைட்ரோமீட்டரைப் போட்டுப் பார்த்தேன். முந்திய கிழமை பார்த்ததை விட ரீடிங் குறைந்திருந்தது. அப்படியென்றால் ஈஸ்ட் இன்னும் சீனியைத் தின்று வாயு விட்டுக்கொண்டிருக்கிறது. அடைத்த போத்தலில் அந்த வாயு வெளியே போக வழியில்லை.

“தம்பி, கலங்கல் ஒரு பிரச்சினையே இல்லை. ஈஸ்ட் சாகேல்லை, குளிருக்குப் படுத்திருக்கு. சூடு பட்டால் எழும்பும்” என்று கேதீஸிடம் சொன்னேன்.

“அக்கா, சனம் முதல்ல கண்ணாலதான் குடிக்கும். கலங்கினதை ஆர் வாங்குவினம்?” என்றார்.

அவரே போட்டார். இரண்டு நாளில் டாங்க் கண்ணாடி போலத் தெளிந்துவிட்டது. அவர் ஒரு கிளாஸில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து என்னிடம் காட்டிச் சிரித்தார். ஃபைனிங் ஈஸ்டில் பெரும்பகுதியை இறக்கும், முழுவதையும் இறக்காது என்று திரும்பவும் சொன்னேன். இனிப்புக் காணாது என்று மேலும் தேன் ஊற்றச் சொன்னார். ஈஸ்ட் மறுபடி எழும்பாமல் தடுக்கும் ஸ்டெபிலைசர் போடவாவது விடுங்கள் என்று கேட்டேன். ருசி கெட்டுவிடும் என்றார். போத்தலில் அடைத்துக் கார்க் போட்டு, பெட்டிகளை யூனிட்டின் மேல் அறைக்கு ஏற்றினார்கள். அங்கே ஹீட்டர் ஓடும் ஒரே அறை அதுதான்; சுகந்தி லேபிள் ஒட்டுவதும் அதில்தான்.

2. மேல் அறை

வெடித்தபோது நான் கீழே குழாய் கழுவிக்கொண்டிருந்தேன். பலகை விழுந்தது போல ஒரு சத்தம். பிறகு சுகந்தி “அக்கா” என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள், அதுவும் மெதுவாக.

ஓடிப்போய்ப் பார்த்தேன். அவள் தரையில் உட்கார்ந்து வலது கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். மீட்டும் இரத்தமும் ஒன்றாக ஓடின. போத்தலின் கழுத்துப் பகுதி அறையின் அடுத்த மூலையில் கிடந்தது. கைதவறி விழுந்த போத்தல் அவ்வளவு தூரம் போகாது. துவாயால் இறுக்கிக் கட்டி அம்புலன்ஸுக்குப் போன் அடித்தேன். உள்ளங்கையில் தசைநார் அறுந்திருந்தது.

கேதீஸ் ஆஸ்பத்திரிக்கு வந்தார். பழம் வாங்கி வந்தார், அவள் தலையைத் தடவினார். பிறகு என்னை வெளியே கூப்பிட்டு, அவள் போத்தலைத் தவறவிட்டாள் என்றே எல்லாரும் சொல்வோம், இன்சூரன்ஸ்காரன் கேட்டாலும் அதையே சொல்லுங்கள் என்றார். குரலை உயர்த்தவில்லை. தேத்தண்ணிக்குச் சீனி கேட்பது போலக் கேட்டார். அதுதான் எனக்கு இன்றைக்கும் பற்றி எரிகிறது.

“ஏலாது தம்பி” என்றேன்.

3. விசாரணை

உணவுப் பாதுகாப்பைப் பார்க்கும் உள்ளூர் கவுன்சிலுக்கு நானே போன் செய்தேன். ஒரு பெண் அதிகாரி யூனிட்டுக்கு வந்தார். ரீடிங், தேன், ஹீட்டர் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு பெட்டியைக் குளிரில் வைத்து ஆறவிட்டு, தடித்த கையுறையும் முகக் கவசமும் போட்டுக்கொண்டு அவர் முன்னால் ஒரு போத்தலின் கார்க்கைத் தளர்த்தினேன். குளிர்ந்த பிறகும் அது நுரைத்துக் கூரைக்கு அடித்தது. அந்த டாங்கில் அடைத்த அத்தனையையும் அழிக்க உத்தரவு வந்தது. சந்தைக்குப் போயிருந்தால் யார் யார் வீட்டு மேசையில் வெடித்திருக்குமோ தெரியாது.

ஆனால் காயத்தைப் பற்றி அதிகாரி சுகந்தியிடம் கேட்டபோது, கட்டுப்போட்ட கையை ஷாலுக்குள் மறைத்துக்கொண்டு, கைதவறிவிட்டது என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அதிகாரி இன்னொரு தடவை, இன்னொரு விதமாகக் கேட்டார். அவள் அதையே சொன்னாள்.

அடுத்த நாள் கேதீஸ் என்னை வேலைக்கு வர வேண்டாம் என்றார். அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. சுகந்தி மேல் வந்த கோபம்தான் பெரிது. அவள் போன் அடித்தபோதும் நான் எடுக்கவில்லை. இவளுக்காகத்தானே என் வேலை போனது, இவளே என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டாளே என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

4. மனோர் பார்க்

பிறகு வசந்த காலத்தில் மனோர் பார்க்கில் பஸ் தரிப்பிடத்தில் அவளைக் கண்டேன். விலகிப் போக நினைத்தேன். அவளே கிட்ட வந்தாள். விரல்கள் ஒத்துழைக்காததால் வேகமாக லேபிள் ஒட்ட முடியவில்லை என்று கேதீஸ் அவளையும் நிறுத்திவிட்டாராம். அதிகாரியிடம் ஏன் அப்படிச் சொன்னாய் என்றுதான் கேட்டேன்.

“அக்கா, உண்மையைச் சொல்லிப்போட்டு நீங்கள் உங்கட வீட்டை போனீங்கள். நான் சொல்லியிருந்தா எங்க போறது? நான் படுக்கிறது அவரின்ர வீட்டில” என்றாள்.

இரண்டு பஸ்களைப் போகவிட்டு அங்கேயே நின்றோம். அந்தக் கிழமையே அவளையும் கணவனையும் என் வீட்டின் முன் அறைக்குக் கூட்டிவந்தேன். அங்கிருந்து ஒரு சட்டத்தரணியிடம் போனோம். இந்த முறை அவள் நடந்ததை நடந்தபடி சொன்னாள். வழக்கு இன்னும் முடியவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் இரண்டு விஷயங்கள் உண்டு. மீட் தெளிந்துவிட்டது என்பதற்காகப் போத்தலில் அடைக்காதீர்கள். ரீடிங் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். கூட வேலை செய்கிற ஒருத்தியை உண்மை பேசச் சொல்வதற்கு முன், அவள் இரவு யார் வீட்டில் படுக்கிறாள் என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை.

சுகந்தி மேல் இருந்த கோபம் அந்தப் பஸ் தரிப்பிடத்திலேயே போய்விட்டது. கேதீஸ் மேல் இருப்பது போகவில்லை. போக வேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை.