அண்ணாவின் காகிதப்பூவும் நான் ஊற்றிய ஜலமும்

"அத்தை, அப்பாவைப் பத்தி நல்லதா நாலு வரி எழுதிக் குடுங்கோ" என்று அண்ணாவின் பிள்ளை கேட்டான். அண்ணாவைப் பற்றி நல்லதாக எழுத நாலு வரி போதாது. என்னைப் பற்றித்தான் நல்லதாக எழுத ஒன்றும் அகப்படவில்லை. அண்ணா எங்களை விட்டுப் போய் வருஷம் திரும்பும் இந்த நேரத்தில், இந்த நினைவு மடலைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் இரண்டையும் சேர்த்தே படித்துவிடுங்கள்.

அண்ணா பிறந்தது கரமனை அக்ரஹாரத்தில், இப்போது நான் உட்கார்ந்து எழுதும் இதே வீட்டில். அப்பா தவறியபோது அண்ணா கல்லூரியில் அப்போதுதான் கால் வைத்திருந்தார். வைத்த காலை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். கிழக்கேகோட்டை பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து, எந்த பஸ் எப்போது கிளம்ப வேண்டும் என்று கண்டக்டர்களோடு மல்லுக்கட்டியே ஓய்வு பெற்றார். வீட்டிலும் அந்த உத்தியோகத்தை விடவில்லை. நான் கோயிலுக்குப் புறப்படத் தாமதித்தால் வாசலில் நின்று விசில் ஊதுவார். தெருவே சிரிக்கும், எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் கணவர் காலமான பிறகு பெட்டியும் கையுமாக அந்த வாசலில்தான் வந்து நின்றேன். ஏன், என்ன என்று அண்ணா ஒரு கேள்வி கேட்கவில்லை. உள்ளே போய் டம்ளர் நிறைய ஜலம் கொண்டுவந்து நீட்டினார். "முதல்ல இதைக் குடி அம்மிணி. விசேஷமெல்லாம் அப்பறம் பேசிக்கலாம்." கூரியர் கொண்டுவருகிறவரோ, கரண்ட் மீட்டர் பார்க்க வருகிறவரோ, யார் படியேறினாலும் அவர்களுக்கும் முதலில் ஒரு டம்ளர் ஜலம்தான்.

மன்னி போன பிறகு அண்ணாவுக்குத் துணையாக இருந்தது மாடியில் வைத்திருந்த காகிதப்பூத் தொட்டிகள்தான். சும்மா வளர்த்தால் போதாது அவருக்கு. நவராத்திரிக்காகப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி யானை மேல் எழுந்தருளி எங்கள் கரமனை வழியாகக் கோட்டைக்குப் போகும் நாளில், தெருமுனையில் குத்துவிளக்குக்கு இரண்டு பக்கமும் அந்தத் தொட்டிகள் பூத்துக் குலுங்கி நிற்க வேண்டும். "வாசனையே இல்லாத பூவை யாராவது ஸ்வாமிக்கு வைப்பாளா அண்ணா?" என்று சீண்டுவேன். "பகவதி பாத்துண்டுதானே போறா, மோந்து பாக்கவா நிக்கறா?" என்பார்.

மழை ஓயாத ஊரில் அந்தச் சமயத்துக்குக் காகிதப்பூவை வரவழைப்பது லேசான காரியம் இல்லை. ஓணம் கழிந்ததும் அண்ணா கிளைகளின் நுனியை வெட்டிவிடுவார். தொட்டிகளைப் பிளாஸ்டிக் ஷீட்டுக்கு அடியில் மழைபடாமல் நகர்த்தி, ஜலத்தை நிறுத்திவிடுவார். இலை துவண்டு தொங்கும்வரை காத்திருந்து, உயிர் தங்குகிற அளவுக்கு மட்டும் கொஞ்சம் விடுவார். மறுபடி காயப்போடுவார். பாவம் பார்த்து ஜலம் ஊற்றினால் செடி இலையாகத் தழைக்குமே தவிரப் பூக்காது. வருஷா வருஷம் இதை என்னிடம் சொல்லி, சமையல் உள்ளிலிருந்து நான் சொம்போடு மாடியேறாமல் காவல் இருப்பார்.

போன வருஷம் காவல் இருக்க அவரால் முடியவில்லை. இருதயம் பலவீனப்பட்டு, கால் வீங்கி, ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கீழறையில் கட்டிலோடு இருந்தார். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வெள்ளம் கூடியால் ஸ்வாசம் முட்டும், கேட்டோ அம்மா" என்று, ஜலம் அதிகமானால் மூச்சு முட்டும் என மலையாளத்தில் எச்சரித்திருந்தார். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று ஒரு சின்ன பாட்டில். வந்தவர்களுக்கெல்லாம் டம்ளர் நிறையக் கொடுத்த மனிதருக்கு நான் மூடியில் அளந்து கொடுத்தேன்.

ஒரு நாள் மத்தியானம் பாட்டில் காலியாகிவிட்டது. "நாக்கு ஒட்டிக்கறதுடீ. ஒரு துள்ளி தாயேன்" என்றார். "நாளைக்குத்தான் அண்ணா" என்றேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். உலர்த்திய துணியை எடுக்க மாடிக்குப் போனேன். அண்ணா சொல்லச் சொல்ல நான் நுனி வெட்டி ஷீட்டுக்கு அடியில் நகர்த்தியிருந்த தொட்டிகளில் இலையெல்லாம் துவண்டு தொங்கிக்கொண்டிருந்தது. கீழே ஒருவருக்கு இல்லை என்று சொல்லிவிட்டு வந்த கையால் இங்கேயும் இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வாளியை எடுத்து ஊற்றினேன். அழுதுகொண்டே ஊற்றினேன். மறுநாளும் ஊற்றினேன். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

"இலை தொங்கறதோ?" என்று கட்டிலில் இருந்தபடி தினமும் விசாரிப்பார். "நன்னாத் தொங்கறது" என்பேன்.

ஊர்வல நாள் வந்தது. பக்கத்துத் தெருவில் ஆட்டோ ஓட்டும் செல்வம், நாகர்கோவில்காரர், வருஷா வருஷம் தொட்டிகளை இறக்கித் தருகிறவர். ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்தார். கண்ணைப் பறிக்கிற பச்சை. பேருக்குக்கூட ஒரு பூ இல்லை. அண்ணாவை நாற்காலியில் உட்காரவைத்திருந்தோம். ஒரு கிளையை இழுத்து நுனியைத் தடவிப் பார்த்தார்.

"என்ன சாரே, இந்த வருசம் ஏமாத்திருச்சே?" என்றார் செல்வம்.

"சாரல் அடிச்சுது" என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன்.

அண்ணா என் முகத்தைப் பார்த்தார். ஷெட்யூல் தவறி வந்த எத்தனையோ டிரைவர்களின் சாக்குகளைக் கேட்டுச் சலித்தவர் அவர். "பச்சையா இருந்தா என்ன, கொண்டுபோய் வை செல்வம். பகவதி கோச்சுக்க மாட்டா" என்றார். செல்வம் நகர்ந்ததும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "அசடு. அதுக்கு ஊத்தினதை எனக்குக் குடுத்திருக்கலாமேடீ" என்று சொல்லிச் சிரித்தார்.

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார், கோபமே இல்லை. கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

சரஸ்வதி பூஜைக்குப் புத்தகம் அடுக்கும் முன்பே அண்ணா போய்விட்டார். கடைசி மூச்சின்போது அவர் பிள்ளையும் நானும் வாயில் கங்கா ஜலம் விட்டோம். அப்போது யாரும் அளக்கவில்லை. விட்டது கடைவாய் வழியாக வழிந்தது. அன்றிலிருந்து அமாவாசைதோறும் பிள்ளை எள்ளும் ஜலமும் விடுகிறான். நான் பக்கத்தில் நின்று, இன்னும் கொஞ்சம் விடேன் என்று சொல்லிவிடுவேன். சாஸ்திரிகள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்.

"நீங்கள் அளந்து கொடுத்ததால்தான் அவர் ஓணச் சாப்பாடு சாப்பிட்டார்" என்று டாக்டர் பிற்பாடு சொன்னார். இருக்கலாம். கொடுத்திருக்க வேண்டிய இடத்தில் கொடுக்காமல், கொடுக்கக் கூடாத இடத்தில் வாளி வாளியாகக் கொட்டியவளுக்கு அந்த சமாதானம் உள்ளே இறங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அண்ணாவை முகம் சுளிக்காமல் கவனித்த டாக்டருக்கும் நர்ஸ்களுக்கும், அர்த்த ராத்திரி என்றும் பாராமல் ஆட்டோ எடுத்த செல்வத்துக்கும், காரியங்கள் முடியும்வரை அடுப்பு மூட்டவிடாமல் சாப்பாடு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணாவின் முதல் வருஷத் திதியான வருஷாப்திகத்துக்கு எல்லோரும் வந்திருந்து சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும்.

வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். வருஷத் தீட்டு கழிந்து எங்களுக்கு முதலில் வரும் பெரிய பண்டிகை தீபாவளி. அதற்கு அண்ணாவின் தொட்டிகள் பூக்க வேண்டும். மாடிக்குப் போனால் இலையெல்லாம் துவண்டு தொங்குவதைப் பார்ப்பீர்கள். தயவுசெய்து யாரும் ஜலம் ஊற்றிவிடாதீர்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன். உங்களுக்குத் தாகமாக இருந்தால் கேட்க வேண்டிய அவசியமே இருக்காது. சொம்பும் டம்ளருமாக நான் வாசற்படியிலேயே நிற்பேன்.

அம்மிணி