அது செம்போத்து இல்லை

பேச்சி! ஏட்டி பேச்சி!

இப்போது பெயரைச் சொல்லித் தொண்டை கிழியக் கூப்பிடுகிறேன். அன்றைக்கு நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டது. நன்றாகக் கேட்டது. கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

இதுதான் நான் செய்தது. படிக்கிற உங்களிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி என்னைப் பற்றி நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் "பாவம், சின்னப்பிள்ளை, தெரியாமல் நடந்துபோச்சு" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஐந்து வருஷமாக எனக்கு நானே அதைச் சொல்லிச் சொல்லி, ஆத்திரம்தான் பற்றிக்கொண்டு வருகிறது. தெரிந்தேதான் நடந்தது!

பேச்சி என் தங்கை. அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். நான் மாரி, அவளுக்கு மூன்று வயது மூத்தவள். இரண்டு பேரையும் படிக்கவைக்க வீட்டில் வழியில்லை. எட்டாவதோடு என்னை நிறுத்தி, பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் நன்றாகப் படிக்கிறாளே, படிக்கட்டும் என்றார்கள். நானும் சரி என்றுதான் சொன்னேன். யாரும் என்னை அடித்துத் தள்ளவில்லை.

அப்பாவுக்கு ராஜபாளையத்தில் நூல் மில் வேலை. இருபது வருஷம் மிஷின் இரைச்சலுக்குள் நின்று அவருக்கு இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலது காதில் பாதிதான் மிச்சம். வாரத்தில் ஒரு நாள் லீவு. அந்த ஒரு நாள் எங்களைக் கூட்டிக்கொண்டு பறவை பார்க்கக் கிளம்பிவிடுவார். மார்கழி, தை என்றால் கண்மாய்க்கரை. மற்ற மாதங்களில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய், அங்கிருந்து செண்பகத்தோப்புக் காடு. மில்லிலிருந்து மாற்றலாகிப்போன ஓர் ஆபீசர் கொடுத்துவிட்டுப்போன பழைய பைனாகுலர் அவர் கழுத்தில் தொங்கும். அம்மா புளிச்சோற்றுத் தூக்குவாளியோடு பின்னால் வருவாள்.

தெருவே சிரிக்கும். எதிர்வீட்டு அண்ணாச்சி வாசலிலேயே வழிமறிப்பார்.

"என்னவே, ஞாயித்துக்கெழமை அவனவன் கோழியடிச்சுக் கொழம்பு வைக்கான். நீரு கொக்கப் பாத்துட்டுச் சும்மா வாரீரே!"

பஸ்ஸில் கண்டக்டர் விடமாட்டார். "நாலு டிக்கெட்டா? இல்ல, திரும்பி வரும்போது குருவிக்கும் சேத்தா?"

அப்பாவுக்குப் பாதி கேட்காது. எல்லோருக்கும் பொதுவாக ஒரு சிரிப்புச் சிரித்துவைப்பார்.

காட்டுக்குள் அவருக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. "ஆறு நாளும் மிசினு கத்துது. இங்கயும் மனுசச் சத்தமா? எவளும் பேரு சொல்லிக் கூப்புடக் கூடாது. ஒரு சத்தம் போட்டா அம்புட்டும் பறந்துரும்" என்பார். பெயருக்குப் பதிலாக, செம்போத்து மாதிரிக் கூவவேண்டும். கையைக் குவித்து, அடித்தொண்டையிலிருந்து... ஊப், ஊப், ஊப். ஒருத்தர் கூவினால் கேட்டவர் திரும்பக் கூவவேண்டும். 'இருக்கிறேன், வாரேன்' என்று அர்த்தம்.

பேச்சிக்கு அது கடைசிவரை சரியாக வரவே இல்லை. நிஜமான செம்போத்து ஆரம்பித்தால் ஏழெட்டு என்று கூவிக்கொண்டே போகும். இவள் மூன்றோடு நின்றுவிடுவாள். மூச்சு வாங்கி மறுபடியும் மூன்று. அந்த மூன்றாவதில் குரல் உடையும். முன்பல் சந்தில் காற்று போய்விடும். "ஏட்டி, ஒன் செம்போத்துக்கு ஆஸ்துமா" என்று நான் கேலி செய்வேன். அவள் என்னைத் துரத்துவாள்.

ஆகையால், அந்தச் சத்தத்தைப் பறவை என்று நான் தப்பாக நினைத்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை. புரிகிறதா உங்களுக்கு? ஆயிரம் செம்போத்து கூவினாலும் அவளை நான் தனியாகப் பிரித்துச் சொல்லிவிடுவேன்!

எங்களுக்குள் வேலை பிரித்திருந்தது. பார்ப்பது நான், எழுதுவது அவள். என் கண்ணும் காதும் வீட்டிலேயே கூர்மை. இலைக்குப் பின்னால் அசைகிற வாலைக்கூடச் சொல்லிவிடுவேன். அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஒரு கோடுபோட்ட நோட்டில் பறவை பெயர், இடம், பார்த்தவர் பெயர் என்று வரிசையாக எழுதுவாள். அந்த நோட்டில் முக்கால்வாசி வரிகளில் என் பெயர்தான் இருக்கும். சொல்ல வெட்கமாக இருக்கிறது... தறியில் நூல் அறுந்து மேஸ்திரியிடம் திட்டு வாங்கும்போதெல்லாம் நான் அந்த நோட்டைத்தான் நினைத்துக்கொள்வேன். என் பெயர் அழகாக எழுதப்பட்டிருந்த ஒரே இடம் அது.

அணில் சரணாலயம் என்று காட்டுக்கு முன்னால் போர்டு நட்ட மறுவருஷம், ஐப்பசி மாதம். நாங்கள் எத்தனையோ தடவை போயும் அந்தச் சாம்பல் அணிலைப் பார்த்ததில்லை. அன்றைக்கு நான் பார்த்தேன்! ஒரு பெரிய மரத்தில், கிளையோடு கிளையாகப் படுத்திருந்தது. பூனை அளவு உடம்பு. அதைவிட நீளமாக வால் கீழே தொங்கியது. அப்பாவின் தோளைத் தொட்டுக் காட்டினேன். அவர் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

பேச்சி நோட்டை எடுத்து எழுதினாள். எட்டிப் பார்த்தேன். பார்த்தவர்: பேச்சியம்மாள்.

"ஏட்டி, பாத்தது நானு" என்றேன், மெதுவாக.

"நாளைக்கு ஸ்கூல்ல காட்டணும்க்கா. டீச்சர் பிரேயர்ல வாசிக்கேன்னு சொல்லியிருக்காவ. ஒன் பேரப் போட்டா யாரு மாரின்னு கேப்பாவ. நீதான் ஸ்கூலுக்கே வரலியே!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. அவள் எதற்கும் சிரிப்பவள். இதை இன்றைக்குச் சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு உள்ளே அடுப்பு எரிந்தது. நான் எதற்காக ஸ்கூலுக்கு வரவில்லை? யாருக்காக?

அணிலைப் பார்க்க அப்பா அவளிடம் கழற்றிக் கொடுத்திருந்த பைனாகுலரைப் பிடுங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். "பாத்தவளுக்கு எதுக்குட்டி இது?" என்றேன்.

"போ, வச்சுக்கோ. நான் ஓடைப் பக்கம் போயி மீன்கொத்தி பாக்கேன். செத்த நேரத்துல வந்துருவேன்" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள். அம்மா கீழே பேச்சியம்மன் கோயிலில் இருந்தாள். அப்பா அணிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் சண்டை அவர் காதில் விழவே இல்லை.

கொஞ்ச நேரத்தில் வந்தது. ஊப், ஊப், ஊப்... மூன்றாவது உடைந்து.

நான் திரும்பக் கூவவில்லை.

மறுபடி மூன்று. கத்தட்டும் என்று நினைத்தேன். பைனாகுலர் வேண்டியிருக்கும், அதுதான் கூப்பிடுகிறாள். வரட்டும். வந்து கேட்கட்டும். நோட்டில் அடித்துவிட்டு என் பெயரை எழுதட்டும்.

மறுபடி மூன்று.

அப்பா தலையைத் திருப்பினார். பாதிக் காதுக்கும் ஏதோ எட்டியிருக்கிறது. என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "ஏட்டி, ஏதோ கேட்டாப்ல இருந்துச்சே. அவளா?"

இந்த இடத்தில்தான் நான் ஐந்து வருஷமாக நின்றுகொண்டிருக்கிறேன். ஒரு வார்த்தை... 'ஆமா' என்று ஒரே ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் அவர் எழுந்து போயிருப்பார். ஓடைக்கு எத்தனை தூரம்? புளிச்சோறு ஒரு கவளம் மென்று முழுங்குவதற்குள் போய்விடலாம்.

"இல்லப்பா. அது செம்போத்து" என்றேன்.

அவர் நம்பினார். என் காதை நம்பாமல் யார் காதை நம்புவார்? மறுபடியும் அணிலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

எங்கள் தலைக்குமேல் வெயில்தான் அடித்தது. ஆனால் மலைக்கு மேலே மழை பெய்திருக்கிறது. திடீரென்று ஓர் இரைச்சல், மில் முழுவதும் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பித்தது போல. அது அப்பாவுக்கே கேட்டது! இரண்டு பேரும் ஓடினோம். ஓடையைக் காணோம். செம்மண் தண்ணீர் கரையைத் தொட்டுப் புரண்டு போய்க்கொண்டிருந்தது.

அப்பா அப்போதும் கையைக் குவித்துக் கூவினார்! பைத்தியம் மாதிரி ஊப் ஊப் என்று கூவினார். பிறகுதான் சட்டத்தை மறந்து "பேச்சீ..." என்று கத்தினார்.

பொழுது சாயத் தண்ணீர் வடிந்தது. காட்டிலாகா வாட்ச்சரும் தோப்புக்காரர்களும் இறங்கினார்கள். அவளை வெள்ளம் எங்கேயும் இழுத்துக்கொண்டு போகவில்லை. அங்கேயேதான் கிடந்தாள். வலது பாதம் இரண்டு கல்லுக்கு நடுவில் மாட்டியிருந்தது. அதை எடுத்துவிடத்தான் கூப்பிட்டிருக்கிறாள். கணுக்கால் அளவுத் தண்ணீரில் நின்று, பயப்படாமல், சட்டத்தை மீறாமல், அக்கா வருவாள் என்று மூன்று மூன்றாகக் கூவியிருக்கிறாள்...

நோட்டு அவள் இடுப்பில் செருகியிருந்தது. மை முழுக்கக் கரைந்து, எல்லாப் பக்கமும் நீலம். அந்தப் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினாளா, இல்லையா? எனக்கு இனி தெரியவே தெரியாது. இதற்கும் எனக்குக் கோபம் வருகிறது. யார்மேல் வருகிறது என்றுதான் தெரியவில்லை.

துக்கத்துக்கு வந்த ஒருத்தி சொன்னாள்: "அம்மன் தன் பேருக்காரியத் தங்கிட்ட கூப்புட்டுக்கிட்டா." எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். எனக்கு அவர்கள் வாயைக் கிழிக்கவேண்டும் போல இருந்தது. அம்மன் அவளைக் கூப்பிடவில்லை! அவள்தான் என்னைக் கூப்பிட்டாள்!

பேச்சி, உன்மேலும் எனக்குக் கோபம் உண்டு. ஒரே ஒரு தடவை வாய்விட்டுக் கத்தியிருக்கக் கூடாதா? அப்பா சட்டம் போட்டால் என்ன? பறந்தால் பறந்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு தடவை 'அக்கா' என்று அலறியிருந்தால் நான் வந்திருப்பேன். வந்திருப்பேனா? ...வந்திருப்பேன்.

அப்பா அதற்குப் பிறகு காட்டுக்குப் போகவில்லை. பைனாகுலரைக் கண்மாயில் வீசிவிட்டார். லீவு நாளிலும் மில்லுக்குப் போய் இரைச்சலுக்குள் நின்றுகொள்கிறார். அவர் நம்புவது இதுதான்: பேச்சி கூப்பிடவே இல்லை. கூப்பிடக் கூடாது என்று அவர் போட்ட சட்டத்துக்குப் பயந்து, வாயைத் திறக்காமலே செத்துப்போனாள். என் பாவத்தை அவர் சுமக்கிறார். அவர் சுமப்பதை நான் பார்த்துக்கொண்டு, அவர் முன்னாலேயே சாப்பிட்டு, தூங்கி, தறிக்குப் போய் வருகிறேன்.

வருஷாவருஷம் அவள் திதியன்று என்னிடம் கேட்பார். "ஏட்டி, அன்னைக்கிக் கேட்டது செம்போத்துதானே?" நான்கு வருஷமும் "ஆமாப்பா" என்றேன்.

போன வாரம் ஐந்தாவது திதி. இலை போட்டுச் சோறு வைத்தோம். இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணியிருந்தேன். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் கேட்டார்.

"அவ கூப்புட்டாப்பா. எனக்குக் கேட்டுச்சு. நான்தான் பொய் சொன்னேன்."

சொல்லிவிட்டேன்! ஐந்து வருஷத்தில் முதல் தடவையாகச் சொல்லிவிட்டேன்!

அப்பா காதைத் திருப்பினார். "என்னத்தா? சத்தமாச் சொல்லு."

நான் உட்கார்ந்திருந்தது அவருடைய இடது பக்கம்.

எந்தப் பக்கம் கேட்காது என்று தெரியாதா எனக்கு? பிறந்ததிலிருந்து அவரோடு இருக்கிறவள். என் கால்கள் தெரிந்தேதான் என்னை அங்கே கொண்டுபோய் உட்காரவைத்தன.

"செம்போத்துதான்ப்பா" என்றேன், சத்தமாக.

தலையை ஆட்டிக்கொண்டார். "பொறவென்ன... நான்தான் எம்பிள்ள வாயக் கட்டிப்புட்டேன்."

அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். உங்களிடம் சொல்வது சுலபம். நீங்கள் என் முகத்தைப் பார்க்கமாட்டீர்கள். எழுதுவது அவள் வேலை, நான் எழுதினால் பிழை இருக்கும். இருக்கட்டும். தறிச் சத்தத்தில் என் காதும் இப்போது மந்தமாகிக்கொண்டு வருகிறது. முழுக்கப் போய்விட்டால் நல்லது என்று இருந்தேன். ஆனால் அந்த மூன்று கூவலும் காதில் இல்லை போல. அது மட்டும் கொஞ்சமும் குறையவில்லை.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். எனக்காக யாரும் வேண்டிக்கொள்ள வேண்டாம். மன்னிப்பும் வேண்டாம், அது என்னிடம் நிற்காது. கோயிலுக்குப் போகிறவர்கள் கோயிலில், சர்ச்சுக்குப் போகிறவர்கள் சர்ச்சில், எல்லோரும் என் தங்கைக்காக ஒரு தடவை வேண்டிக்கொள்ளுங்கள்.

மனதுக்குள் வேண்டாதீர்கள். வாயைத் திறந்து, பேச்சியம்மாள் என்று அவள் பெயரைச் சொல்லி, சத்தமாக வேண்டிக்கொள்ளுங்கள்.