இணைச்சீர் கேசட்

நாமக்கல்லில் பழைய வீடியோ டெக், டேப் ரிக்கார்டர் பழுது பார்க்கிறவன் நான். சாமான்கள் வயசாகிக் கெடுவதைவிட, வைத்திருப்பவர்களின் அக்கறையால் கெடுவதுதான் அதிகம். போன மாசம் ஒரு லாரி முதலாளி டெக் ஒன்றைக் கொண்டுவந்தார். கழற்றினால், சுழலுகிற ஹெட்டின்மேல் சந்தனமும் குங்குமமும் கெட்டிதட்டிப் போயிருந்தன. கேசட் போடுகிற வாய்க்குள் ஒரு காய்ந்த எலுமிச்சம்பழம்.

"ஏனுங்க, இதென்ன?"

"ஆயுத பூசைக்கு வெச்சதுங்க. லாரின்னா டயருக்கு அடியில வெப்போம். இதுக்கு டயர் இல்லீங்களே!"

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் அவர் நிலைமை தெரிந்ததும் திட்ட மனசு வரவில்லை. தங்கச்சியோடு முப்பது வருசமாகப் பேச்சில்லையாம். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளை பக்கத்தில் கூடப்பிறந்தவளை நிறுத்தி இணைச்சீர் செய்வார்கள். இவர் கல்யாணத்தில் பெரியப்பா மகளை நிறுத்திச் செய்துவிட்டார்கள். தயாராக நின்ற தன்னை அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பது தங்கையின் கட்சி. அந்த நேரம் அவள் மண்டபத்திலேயே இல்லை என்பது இவர் கட்சி. இப்போது தங்கை மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் வராமல் மணவறை ஏறமாட்டேன் என்று பெண் ஒரே பிடிவாதம். கல்யாணக் கேசட்டைப் பார்ப்பது, தப்பு யார் பக்கமோ அவர் மன்னிப்புக் கேட்பது என்று பேசி முடித்திருந்தார்கள்.

இரண்டு நாள் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். மூன்றாம் நாள் இருவரும் வந்து ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். படம் ஓடியது. சீர் செய்கிற அருமைக்காரர் கையைத் தூக்கிக் கூப்பிட்டார். இருவரும் முன்னால் சாய்ந்தார்கள்.

திரையில் ஓர் அருவி கொட்டியது. அருவிக்குள் இதயம், இதயத்துக்குள் மாப்பிள்ளையும் பெண்ணும். அப்புறம் இரண்டு வாத்துகள் மெதுவாக நீந்தின. அவை கரையேறியபோது சீர் முடிந்திருந்தது.

மூன்று தடவை திருப்பிப் போட்டேன்.

"அந்த வாத்தைக் கொஞ்சம் நகத்துங்க. பின்னால நிக்கறது யாருன்னு பாக்கலாம்" என்றார் அண்ணன்.

அந்த வாத்துகளை எனக்குத் தெரியும். இருபது வயசில் சேலத்து ஸ்டுடியோ ஒன்றில், கல்யாண வீடியோவுக்கு நடுவே அருவி, பூ எல்லாம் சேர்க்கிற மிக்சிங் வேலை பார்த்தேன். சடங்கு நீண்டால் வாத்து விடுவது என்னுடைய சொந்த யோசனை. அப்போது அதில் பெருமை வேறு.

"எந்த எடுபட்ட பய செஞ்ச வேலைண்ணா இது?" தங்கை நேராக அண்ணனைப் பார்த்தே கேட்டார்.

"கையில கெடச்சான்னா காலை முறிச்சுப் போடுவேன் அம்மிணி."

சொல்லிவிட்டு அவர் அழுதார். தங்கையும் அழுதார். அப்புறம் இருவரும் சேர்ந்து அவனை அரைமணி நேரம் வைதார்கள். நானும் ஒத்து ஊதினேன்.

"வா, மாமன் வாரேன்னு புள்ளகிட்ட நானே சொல்றேன்" என்று எழுந்த அண்ணன், வாசலில் நின்று திரும்பினார். "அவன் இப்ப எங்கீங்க இருக்கறான்?"

"செத்துட்டானுங்க" என்றேன்.

"நல்லா வேணும்" என்று இருவரும் ஒரே குரலில் சொல்லிவிட்டு, ஒரே காரில் ஏறிப் போனார்கள்.