சுல்தானின் பீரங்கி

ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் சாலையில் உள்ள வரலாற்றுச் சின்னங்களை இன்றும் என்னால் வரிசை பிசகாமல் சொல்ல முடியும். எல்லாம் மாமா சொல்லிக்கொடுத்தவை. ஒன்றுகூட உண்மையில்லை. முதலாவது வரும்போது மட்டும், இப்போதும் மறுபக்க ஜன்னலைப் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மாவின் தம்பியான அவர் தோல் ஏற்றும் வேன் ஓட்டினார். நான் ஐந்தாவது படித்த வருடம், செவ்வாய்க்கிழமைதோறும் அம்மாவை அதில்தான் வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். பின்னால் பாய் விரித்து அம்மா படுத்திருப்பாள், துணைக்கு அத்தை. அப்பாவுக்கு ஷிப்டு. என்னைத் தனியே விட்டுப்போக முடியாததால் முன்சீட்டில் ஏற்றிக்கொள்வார்கள்.

வண்டி கிளம்பியதும் கதையும் கிளம்பிவிடும். என்ஜின் சத்தத்தையும் மீறிக் கத்தித்தான் சொல்வார். ஊர் எல்லையில், தோல் பதனிடும் டேனரியின் புகைபோக்கி.

"அது இன்னான்னு நெனச்ச? பீரங்கிம்மா! சுல்தான் தூக்க முடியாம நட்டு வெச்சிட்டுப் போய்ட்டாரு. இன்னும் சூடு ஆறல, பொகையப் பாரு!"

பாலாறு வற்றியது சுல்தானின் யானைகள் குடித்துத் தீர்த்ததால். மலைமேல் தனியாக நிற்கும் பாறை, ராணி கோபித்துக்கொண்டு உட்கார்ந்த நாற்காலி. வேலூர்க் கோட்டை அகழியில் இருந்த முதலைகளுக்கு மூக்குத்தி உண்டு.

பள்ளி ஆண்டு விழாவில் 'நம் ஊர் வரலாறு' பேச்சுப்போட்டி வந்தபோது நான் தயங்காமல் பெயர் கொடுத்தேன். மாமா லோடு இறக்கிய கையோடு வந்து, தோல் நாற்றத்தோடு பந்தல் வாசலில் நின்றார். நான் பீரங்கியிலிருந்து தொடங்கினேன்.

"எங்கப்பா அந்தப் பீரங்கிலதான்டீ தோல் அலசுறாரு!" என்று முன்வரிசையில் ஒருத்தி கத்தினாள். பந்தலே சிரித்தது. டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "யாரும்மா இதெல்லாம் சொன்னது?" என்றார்.

நான் வாசலைக் காட்டினேன். "அதோ, அந்த வேன் டிரைவரு."

மாமா என்று சொல்லவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கைதட்டுவதற்குத் தயாராக வைத்திருந்த கைகளை அவர் பின்னால் கட்டிக்கொண்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, புகைபோக்கி வருவதற்கு முன்பே நான் முந்திக்கொண்டேன். "இனிமே பொய் சொல்லாத மாமா. எனக்கு மானம் போவுது."

"சரிம்மா" என்றார். அவ்வளவுதான்.

பாலாறு வந்தது, போனது. பாறையும் வந்தது, போனது. பள்ளிகொண்டா நெருங்கும்போது பின்னாலிருந்து ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. கம்பி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அம்மா புடவைத் தலைப்பைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். அத்தை அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்திருந்தாள்.

"அம்மாக்கு இன்னிக்கு மட்டும் ஏன் மாமா இப்படி வலிக்குது?"

எதிரே வண்டியே இல்லாத சாலையில் மாமா ஹாரனை அழுத்தினார். அழுத்திய கையை எடுக்கவே இல்லை. என்மேல் இன்னும் கோபம் தீரவில்லை என்று நினைத்து, நான் காதுகளைப் பொத்திக்கொண்டேன்.