டெஸ்டரின் ஆணிப்பல்

வயர்மேன் டெஸ்டரின் வாயில் கரண்ட் பாய்ந்து, முன்பல் தெறித்து விழுந்துவிட்டதாம். சொன்னவர் எலெக்ட்ரிக் கடைக்காரர். அவரிடம் ஒரு செய்தி போனால் பாதி ஊருக்குப் போன மாதிரி. மீதிப் பாதியை டீக்கடை பார்த்துக்கொள்ளும். சாயங்காலத்துக்குள் கதைக்குக் கைகால் முளைத்து, டெஸ்டர் வாயைத் திறந்தாலே தெருவிளக்கு மங்குகிறது என்பதுவரை வந்துவிட்டது.

விசாரித்துப் பார்த்ததில், பல் விழுந்தது உண்மை. கரண்ட் மீது எந்தக் குற்றமும் இல்லை.

பேனா இருக்கவேண்டிய சட்டைப்பையில் எப்போதும் கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டர் இருப்பதால் அவருக்கு அந்தப் பெயர். முப்பது வருடத்தில் வயரின் தோலை உரிக்க அவர் கருவி தேடியதில்லை. ஏணி உச்சியில் நின்று, வயரை முன்பல்லில் கவ்வி ஓர் இழுப்பு. செம்பு பளிச்சென்று வெளியே வரும். “கை ரெண்டு, வாய் ஒண்ணு. மூணு ஆள் வேலை, ஒரு ஆள் கூலி” என்பார். அப்படி உரித்து உரித்தே மேல்வரிசை முன்பல் இரண்டும் ஒருநாள் பிளந்துபோயின.

பல் டாக்டரம்மா தாடை எலும்பில் இரண்டு டைட்டானியம் ஆணிகளை இறக்கினார். எலும்பு அவற்றை இறுகப் பிடிக்கும்வரை மாதக்கணக்கில் காத்திருந்து, அவற்றில் பல்லை மாட்டினார். கூடவே கண்டிஷன்களையும் மாட்டினார்: வயர் கடிக்கக் கூடாது, சிகரெட் கூடாது, இரண்டு வேளையும் மெத்தென்ற பிரஷ்ஷால் தேய்க்கவேண்டும், இடுக்குகளுக்குத் தனியாகக் குட்டி பிரஷ், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டவேண்டும்.

கிளம்பும்போது டெஸ்டர் வாசல் பெல்லை அழுத்திப் பார்த்தார். தொழில் பழக்கம். சத்தமே இல்லை.

“பெல்லு செத்துக் கெடக்கே டாக்டரம்மா! அடுத்த தடவ வரும்போது புதுசு மாட்டிக் குடுத்துடறேன். காசுப் பேச்சே எடுக்கக் கூடாது.”

அடுத்த தடவை வந்தார். பெல்லை மறந்துவிட்டு வந்தார். அதற்கடுத்த தடவை அவரே வரவில்லை.

அந்த மாதம்தான் அவர் மனைவி சமையலறையில் சரிந்து விழுந்தார். பக்கவாதத்தில் வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் பாதி போனது. மரத்த கன்னத்தில் சோறு தங்கிவிடும், வாயைச் சுத்தமாக வைத்திருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியனுப்பினார்கள். அன்றிலிருந்து காலையும் மாலையும் மனைவியின் மோவாய்க்கடியில் துண்டைக் கட்டி, ஒவ்வொரு பல்லாகத் தேய்த்து, கிண்ணத்தை ஏந்திக்கொண்டு நின்றார். ஒருவேளைகூடத் தவறவில்லை. குவளையில் அவருடைய பிரஷ் மட்டும் காய்ந்து கிடந்தது. விட்ட சிகரெட்டும் திரும்பி வந்துவிட்டது.

“உங்க… பல்லு?” என்று மனைவி கேட்பார்.

“எனக்கென்னம்மா, இரும்புப் பல்லு. பூச்சி வந்து கடிச்சா அதுக்குத்தான் பல்லு போகும்.”

காலையில் துப்பும் தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது. வலி இல்லை. வலிக்காத எதற்கும் அந்த வீட்டில் அப்போது நேரமும் இல்லை. இரண்டு வருடம் போனது. பிறகு ஒருநாள் வாழைப்பழத்தைக் கடித்தபோது, வயருக்கே அஞ்சாத வாயிலிருந்து ஒரு பல் ஆணியோடு கழன்று பழத்தில் நின்றது.

அதைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு ஓடினார். கிளினிக் வாசலில் பெல்லை அழுத்தினார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு கதவைத் தட்டினார்.

“வலிச்சிருந்தா வந்திருப்பேனே டாக்டரம்மா.”

“சொந்தப் பல்லுன்னா வலிச்சுக் கூப்பாடு போடும்ணே. இது அவ்வளவா வலிக்காது. ரத்தம் வந்துச்சுல்ல? அதான் கூப்பிட்டது. சுத்தி அழுக்கு சேந்து, ஈறு புண்ணாகி, ஆணியப் புடிச்சிருந்த எலும்பே கரஞ்சுபோச்சு.”

“இன்னொண்ணு?”

“அதுலயும் ஆரம்பிச்சிருக்கு. இன்னைக்குச் சுத்தம் பண்ணிடறேன். மிச்சம் உங்க கையில. மூணு மாசத்துல எலும்பு இன்னும் கரஞ்சிருந்தா அதையும் எடுக்கவேண்டியதுதான்.”

வீட்டுக்கு வந்து ஓட்டைப் பல்லோடு விஷயத்தைச் சொன்னார். காற்றுதான் அதிகம் வந்தது. மனைவி பாதி உதட்டால் சிரித்தார். பிறகு வார்த்தை வார்த்தையாகக் கோத்து, “வீட்ல… ஒருத்தராவது… ஒழுங்காப் பேச வேணாமா?” என்றார்.

டெஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று முதல் மனைவியின் வாய் முடிந்ததும் அவர் வாய். கட்டிலோரம் உட்கார்ந்து தேய்ப்பார். மனைவி இடக்கையால் கண்ணாடியைப் பிடித்துக்கொள்வார்.

“உள்ள… இன்னும்.”

“ஆச்சும்மா.”

“ஆகல.”

சிகரெட் பெட்டி மனைவியின் தலையணைக்கடிக்குப் போனது. அங்கே கைவிட்டு எடுக்கும் தைரியம் அவருக்கில்லை.

மூன்று மாதம் கழித்து எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தார்.

“போன எலும்பு போனதுதான். ஆனா அதுக்குமேல கரையல. இதே மாதிரி பாத்துக்குங்க.”

டெஸ்டர் எழுந்த வேகத்தில் பையிலிருந்து புது பெல்லை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். மெயினை அணைத்தார், பழைய பெல்லைக் கழற்றினார், வயர் முனையை வெளியே இழுத்தார். உரிப்பதற்காக வாய்க்குக் கொண்டுபோனார். முப்பது வருடக் கை அது. ஒற்றைப் பல்லில் வயர் படுவதற்குள் உள்ளேயிருந்து நர்ஸ் கத்தினார்.

“அண்ணே! என்ன பண்றீங்க!”

“வெக்கதான் போனேன் தங்கச்சி, கடிக்கல.” அசட்டுச் சிரிப்போடு வயரை இறக்கினார். “ஒரு கத்தி இருந்தா குடேன்.”

“இங்க இருக்கறதெல்லாம் வாய்க்குள்ள போற கத்தி. சுவத்துக்குத் தரமாட்டேன்.”

டெஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். மனைவிக்குப் பல் தேய்க்கும் நேரம். வயர் முனைகளுக்கு டேப் சுற்றினார், மெயினைப் போட்டார், புது பெல்லை நர்ஸின் மேசையில் வைத்தார்.

“அடுத்த தடவ கட்டாயம் மாட்டிடறேன்னு டாக்டரம்மாகிட்ட சொல்லு.”

பெல் இன்னும் அந்த மேசையில்தான் இருக்கிறது. வருகிறவர்கள் கதவைத் தட்டுகிறார்கள்.