மானுக்கு உதவாத குண்டு

1991 ஒக்டோபர் 12, சனிக்கிழமை. லண்டன் ஈஸ்ட் ஹாமில் வழக்கமான காலை. அப்பா வேலைக்குப் போனார். அம்மா உடுப்புகளைத் தோய்த்து வந்து ஹீட்டரின்மேல் வரிசையாகக் காயப்போட்டார். நான் தமிழ்ப் பாடத்தை எழுதி முடித்தேன். எனக்கு ஒன்பது வயது.

மத்தியானம் மாமா காரில் வந்தார். அம்மாவின் தம்பி. எசெக்ஸில் ஒரு காட்டுப் பண்ணையில் மரக்கன்று நடுகிறவர். கன்றுகளின் பட்டையை மான்கள் உரித்துத் தின்பதால், அவற்றைச் சுடுகிற பொறுப்பும் அவருக்கு வந்திருந்தது. ஒப்புக்கொண்டால் பண்ணைக்குள் ஒரு சிறு வீடு கிடைக்கும். வீடு கிடைத்தால் ஊரிலிருந்து மாமியைக் கூப்பிடலாம். பொலிஸ் அனுமதி வந்துவிட்டது. குண்டு வாங்குவதுதான் பாக்கி.

அதைத் தடுக்கவென்றே அம்மாவும் காரில் ஏறினார். என்னைத் தனியே விட ஏலாதென்பதால் நானும் ஏறினேன்.

"துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனி, இஞ்சை வந்து துவக்குத் தூக்கப் போறியோ? விசரா உனக்கு?"

"அக்கா, மான்தானே."

"வள்ளியம்மையைப் பெத்ததும் மான்தான்."

"அந்த மான் எசெக்ஸிலை மரக்கன்று தின்னேல்லை, அக்கா."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அதை மறைக்க யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

துவக்குக் கடைக்காரர் வயதான வெள்ளைக்காரர். எனக்கு ஒரு டொஃபி தந்தார். பிறகு ஒரு பலகையை எடுத்து வைத்தார். அதில் குண்டுகளை நெடுக்காகப் பாதியாய் வெட்டி, உள்ளே இருப்பது தெரியும்படி ஒட்டியிருந்தார்கள். அவர் சொல்வதை மாமா அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். முனையில் ஈயம் தெரிகிற குண்டுதான் மானுக்கு. உள்ளே போனதும் அது காளான் மாதிரி விரியும். மான் நின்ற இடத்திலேயே விழும், வலி தெரியாது. இந்த நாட்டுச் சட்டமும் அதைத்தான் கேட்கிறது.

அம்மா பக்கத்திலிருந்த இன்னொன்றைக் காட்டினார். முனைவரை செம்பு மூடி, ஒழுங்காக, அழகாக இருந்தது. "அப்ப இது?"

கடைக்காரர் தலையை ஆட்டி நீளமாக ஏதோ சொன்னார். மாமா அதைத் தமிழில் சொல்லவில்லை.

"என்னடா சொல்லுறார்?"

"ஒண்டுமில்லை அக்கா. அது சரிவராதாம்."

அவர் சொன்னது அவ்வளவுதானா? எனக்குப் பாதியில் விட்டுப் பழக்கமில்லை. டொஃபியைக் கன்னத்துக்குள் ஒதுக்கிவிட்டுச் சொன்னேன்: "அது ஆமிக்காரற்றை குண்டாம், அம்மா. விரியாதாம். இந்தப் பக்கத்தாலை போய் அந்தப் பக்கத்தாலை வந்திடுமாம். மான் விழாமல் ஓடிடுமாம். சிலநேரம் தப்பியும் விடுமாம். அதுதான் மானுக்குக் கூடாதாம்."

மாமாவின் வலது தோளுக்குக் கீழே முன்னால் ஒரு வட்டத் தழும்பும், முதுகில் அதே அளவில் இன்னொன்றும் உண்டு. "பெரிய ஊசியடி, முன்னாலை போட்டுப் பின்னாலை எடுத்தவை" என்று எனக்குச் சொல்லி வைத்திருந்தார். நானும் நம்பியிருந்தேன். அது ஊரில் பட்ட குண்டென்றோ, யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் அவருடைய கட்டிலருகே அம்மா கண்விழித்துக் கிடந்தாரென்றோ யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அம்மா அந்தச் செம்புக் குண்டையே பார்த்தபடி நின்றார். பிறகு கையை நீட்டி, மாமாவின் கோட்டுக்கு மேலாக அந்தத் தோளைத் தொட்டார். மாமாவுக்குக் குளிராக்கும் என்று நினைத்தேன்.

"ஈயம் தெரியிறதையே வாங்கு," என்றார். "சுடுறதெண்டால் அது நோகாமல் சாகட்டும்."

திரும்பும் வழியில் அம்மா யன்னல் பக்கமே திரும்பியிருந்தார். சண்டை பிடித்துவிட்டார்களோ என்று பயந்தேன்.

மாமி அடுத்த கோடையில் வந்து சேர்ந்தார். இன்றும் நத்தாருக்கு முதல்நாள் மாமா தன் கையால் வளர்த்த கிறிஸ்மஸ் மரமொன்றைக் கொண்டுவந்து என் வாசலில் வைத்துவிட்டுப் போகிறார். ஒவ்வொரு முறையும், முகம் மறந்துபோன அந்தக் கடைக்காரருக்கு மனத்துக்குள் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

குண்டு வாங்கிய மறுநாள் ஞாயிறு. எழுந்ததும் அம்மா தேத்தண்ணிகூட வைக்கவில்லை. தலைமுழுகி, என்னையும் முழுகவைத்து, முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போனார். தேங்காய்த் தட்டை நீட்டி, மாமாவின் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்யச் சொன்னார்.

"தம்பிக்குப் பிறந்தநாளோ?" என்று கேட்டார் ஐயர்.

"ஓம்," என்றார் அம்மா.

மாமாவின் பிறந்தநாள் மார்ச்சில். அம்மாவின் சேலையை இழுத்து, பிழையைத் திருத்தச் சொன்னேன்.