படிக்கட்டில் கூடிய பேரூராட்சி

காரைக்குடிப் பக்கம் இதற்கு முன் மூன்று முறை போயிருக்கிறேன். மூன்று முறையும் கோவில், வீடுகள், சாப்பாடு என்றுதான் எழுதினேன். இந்தக் குளிர்காலத்தில் போனது ஒரு சட்டத்தைப் பார்க்க. "சட்டத்தைப் போய் எப்படிப் பார்ப்பீங்க மாமா?" என்று மருமகள் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. தெரியாமலேயே பையை எடுத்து வைத்துவிட்டேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெறும்வரை சென்னையில் சட்டங்களைத் தமிழாக்கும் பிரிவில் இருந்தவன் நான். ஆங்கில வரைவு வரும், தமிழில் எழுதிக் கொடுப்போம், அச்சுக்குப் போகும். அதற்கப்புறம் அந்தச் சட்டம் எந்த ஊரில் யாருக்கு என்ன செய்தது என்று பார்க்கக் கிளம்பியதே இல்லை. இப்போது நேரம் இருக்கிறது, முழங்காலும் ஓரளவு ஒத்துழைக்கிறது.

அண்மையில் நம் சட்டமன்றம் கொண்டுவந்த ஒரு திருத்தப்படி, உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக அமர்த்துகிறார்கள். அவர்கள் தேர்தலில் நிற்க வேண்டியதில்லை. கூட்டத்தில் உட்காரலாம், பேசலாம். ஓட்டு மட்டும் கிடையாது. (இது என் புரிதல். தவறென்றால் பின்னூட்டத்தில் திருத்துங்கள், கோபப்பட மாட்டேன்.)

என்னை அழைத்தவர் அமலி. என்னுடைய பிள்ளையார்பட்டிக் கட்டுரையில் பேருந்து எண்ணைத் தப்பாகப் போட்டிருந்தேன். அதைத் திருத்திப் பின்னூட்டம் எழுதியவர். காரைக்குடிக்கு அப்பால் பெரியநாயகிபுரம் என்ற சிறு பேரூராட்சியில் இ-சேவை மையம் நடத்துகிறார். முப்பது வயது தாண்டியிருக்கும். சின்ன வயதிலிருந்தே சக்கர நாற்காலி. புதிய சட்டத்தின்படி ஊரின் நியமன உறுப்பினர் ஆகியிருந்தார். "வெள்ளிக்கிழமை என் முதல் கூட்டம். சட்டம் எழுதுனவுகள்ல ஒருத்தராச்சும் பக்கத்துல இருந்தா தைரியமா இருக்கும்" என்று எழுதியிருந்தார். நான் எழுதியவன் அல்ல, மொழிபெயர்த்தவன். இந்தத் திருத்தம் என் காலத்துக்குப் பின் வந்தது என்று பதில் போட்டேன். "பரவாயில்லை ஐயா, வாங்க" என்று ஒரு வரி வந்தது.

வியாழன் காலை 9.40க்குத் திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தில் ஏறி, புதுக்கோட்டை, திருமயம் வழியாக 12.05க்குக் காரைக்குடி. கட்டணம் 80 ரூபாய். புதிய பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு தங்கும் விடுதியில் 850 ரூபாய்க்கு அறை. வெந்நீர் காலை ஏழு வரைதான். மாலையில் அரியக்குடிப் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்தேன். கூட்டமில்லை, நிம்மதி. இரவு இட்லியோடு முடித்துக்கொண்டு படுத்துவிட்டேன். மறுநாள் கூட்டத்தில் யாராவது என்னை எழுப்பிப் பேசச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் சரியாகத் தூக்கம் வரவில்லை.

வெள்ளி காலை 8.30க்கு நகரப் பேருந்து. சாக்கோட்டை தாண்டிப் பெரியநாயகிபுரம் 16 கிலோமீட்டர், 15 ரூபாய். வண்டி நிறையப் பெண்கள். அவர்களுக்குக் கட்டணம் இல்லை. காசு கொடுத்தவர்கள் என்னையும் சேர்த்து நாலைந்து ஆண்கள்தான்.

"எங்குட்டு இறங்கணும்யா?" என்றார் நடத்துநர்.

"பேரூராட்சி அலுவலகம்."

"வரி கட்டவா?"

"இல்லை, மன்றக் கூட்டம் பார்க்க. திருச்சியிலிருந்து வருகிறேன்."

அவர் டிக்கெட்டைக் கிழிக்காமல் என்னையே பார்த்தார். "கவுன்சிலரே பாதிப் பேரு வரமாட்டாக. அதைப் பாக்கவா திருச்சியில இருந்து வாரீக?"

பின் இருக்கையில் கீரைக்கட்டோடு இருந்த அம்மாள் விடவில்லை. "ஏன்ப்பா, பெரியவரு காசு குடுத்து வாராரு, அவரைக் கேள்வி கேக்குற. நாங்க ஓசியில வாரோம், எங்களை ஒண்ணும் கேக்க மாட்டேங்குற!"

"ஒங்களைக் கேட்டா நான் வீடு போய்ச் சேர முடியுமா?" என்றார் நடத்துநர். வண்டியே சிரித்தது. நானும் சிரித்தேன், அதில் பாதி பயம் போய்விட்டது.

அமலியின் மையம் அலுவலகத்துக்குப் பின்தெருவில் இருக்கிறது. ஒருவருக்கு வருமானச் சான்று விண்ணப்பத்தைப் பதிவு செய்துகொண்டே என்னிடம் பேசினார். கூட்டத்தில் அவர் சொல்லப்போவது ஒரே ஒரு விஷயம்: ஊர்ச் சந்தையின் நுழைவாயில். சனிக்கிழமைச் சந்தைக்குள் மாடும் பைக்கும் நுழையாமல் இருக்க வாசலில் நெருக்கமாக இரும்புக் குழாய்களை நட்டுவைத்திருக்கிறார்கள். மனிதர் உடம்பைத் திருப்பி நுழையலாம். சக்கர நாற்காலி நுழையாது.

"அதுக்கப்பறம் யாராச்சும் வாங்கிட்டு வர்ற கத்திரிக்காயைத்தான் திங்கிறேன் ஐயா. முத்தலா பிஞ்சான்னு நானே அமுக்கிப் பாத்து வாங்கணும். அம்புட்டுத்தான் என் கோரிக்கை."

"ஒத்துக்கொள்வார்களா?"

"குழாய் நட்டதே துணைத் தலைவர்தான். சேது அண்ணன். ரொம்பப் பெருமை அவருக்கு. எனக்கு ஓட்டும் கெடையாது. அங்க இருந்து வாயால சொல்றது ஒண்ணுதான் என்கிட்ட இருக்கு."

பேரூராட்சி அலுவலகம் ஊருக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட ஒரு செட்டிநாட்டு வீடு. இவ்வகை வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முன்வாசலில் உயரமான படிகள். பின்வாசல் தரையோடு தரையாக இருக்கிறது. அமலி பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டார். கூட்ட அரங்கு மாடியில். நான் வழக்கம்போல முன்கூட்டியே ஏறிப்போய், பார்வையாளர் நாற்காலியில் ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். பளபளக்கும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, அவர் எப்படி மேலே வருவார் என்று யோசிக்கவில்லை.

அதை ஊரில் யாருமே யோசிக்கவில்லை என்பதுதான் விஷயம். அவர் பதவி ஏற்றது வாசலில் பந்தல் போட்டு. மாலை, சால்வை, படம் எல்லாம் அங்கேயே முடிந்துவிட்டது. படிக்கட்டு என்று ஒன்று இருப்பது அன்று காலை பதினொரு மணிக்குத்தான் எல்லோருக்கும் தெரியவந்தது.

செட்டிநாட்டில் விருந்தாளி வந்தால் வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் தனித்தனியாக "வாங்க" என்று சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னது இன்னொருவருக்குச் சேராது. அமலி படிக்கட்டின் அடியில் வந்து நின்றதும், மாடிக் கைப்பிடி ஓரத்தில் உறுப்பினர்கள் வரிசையாக வந்து நின்று, கை கூப்பி, "வாங்க", "வாங்க தங்கச்சி", "வாங்க வாங்க" என்றார்கள். பதினைந்து பேரும் மனதாரச் சொன்னார்கள். எப்படி வருவது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

"வரணும்னுதான் ஆசை" என்றார் அமலி, படியைப் பார்த்தபடி.

துணைத் தலைவர் சேது சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். ஐம்பது வயது, கணீரென்ற குரல். "இதென்ன பெரிய காரியம்? நாலு பேரு நாற்காலியோட தூக்கிருவோம். சாமியவே தூக்குறோம், தங்கச்சியைத் தூக்க மாட்டமா?"

"சாமி பேசாதுண்ணே. நான் பேச வந்திருக்கேன்."

"பேசு, யாரு வேணாம்னா?"

"மாசாமாசம் தூக்குவீகளா? என்மேல கோவமா இருக்கிற மாசம் என்ன செய்வீக?"

சேது மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். செயல் அலுவலர், ஓர் இளம்பெண், தயங்கிச் சொன்னார்: "கூட்டத்தைக் கீழே மாத்தலாம். ஆனா மன்றம் அதுக்கு ஒரு தீர்மானம் போட்டாதான் நல்லது."

"அப்ப நாங்க மேல தீர்மானம் போட்டுட்டுக் கீழ வாரோம்" என்றார் ஓர் உறுப்பினர். எல்லோர் முகத்திலும் நிம்மதி. எனக்கும் அது மிகச் சரியான வழியாகத்தான் பட்டது.

அமலிக்கு மட்டும் அப்படிப் படவில்லை. "நான் இல்லாமயே என்னைப் பத்தித் தீர்மானமா? இன்னைக்கு அப்படி ஆரம்பிச்சா இனிமே எல்லாம் அப்படித்தான் போகும். நான் வீட்டுக்குப் போறேன்."

அவர் நாற்காலியின் சக்கரத்தைத் திருப்பினார். போய்விட்டால் முதல் கூட்டத்துக்கு வராத உறுப்பினர் என்று பதிவாகும். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது, சொல்லவில்லை. என் சுபாவம் அது.

"இருத்தா, இரு" என்று படியில் இறங்கத் தொடங்கியவர் தலைவர் விசாலாட்சி ஆச்சி. அறுபத்தைந்து இருக்கும். அந்தப் படிகள் செங்குத்து. பாதியில் படி திரும்பும் இடத்தில் நின்றார், சுவரைப் பிடித்தார், அப்படியே உட்கார்ந்துவிட்டார். பின்னாலேயே எல்லோரும் பதறி ஓடிவந்தார்கள்.

"ஒண்ணுமில்ல, முட்டி" என்றார் ஆச்சி. பிறகு குரலைத் தாழ்த்தி, "மாசாமாசம் இந்தப் படியில உசுரு போகுது அமலி. தலைவரே ஏற முடியலைன்னா என்ன நெனைப்பாகன்னு சொல்லாம இருந்தேன்" என்றார்.

"எனக்கு எடது முட்டி ஆச்சி" என்றார் பின்னால் ஒரு பெண் உறுப்பினர், அடுத்த படியில் உட்கார்ந்தபடி.

"எனக்கு ரெண்டும்" என்றார் மூன்றாவது வார்டுக்காரர். அவரும் உட்கார்ந்தார். நின்றவர்கள் ஒவ்வொருவராக உட்கார, மேல்படி முதல் கீழ்ப்படி வரை உறுப்பினர்கள், நடுவில் தலைவர், அடியில் அமலி. கடைசியாக இறங்கிய எனக்கு உட்கார இடமில்லை.

"எல்லாரும் கூடிட்டாங்களே" என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. செயல் அலுவலர் திரும்பி, "என்ன சொன்னீங்க ஐயா?" என்றார். வியர்த்துவிட்டது. "ஒன்றுமில்லை அம்மா. தலைவர் இருக்கிறார், உறுப்பினர்கள் எல்லோரும் இருக்கிறார்கள், அலுவலகத்துக்குள்தான் இருக்கிறோம்... எனக்கு உறுதியாகத் தெரியாது."

அவர் படிகளை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தார். "தலைவர் சொன்னா ஆரம்பிச்சிடலாம்" என்றார்.

"மேசை மேல இருக்கிற கூட்ட மணியைக் கொண்டாங்க" என்றார் ஆச்சி.

மேல்படியில் நின்ற சேது மட்டும் ஒப்பவில்லை. "எம்பது வருசமா கூட்டம் மேலதான் நடக்குது ஆச்சி."

"எம்பது வருசமாவா நீ வாரே? உக்காரு." உட்கார்ந்தார்.

இனி மன்றக் கூட்டங்கள் கீழ்த்தளத்தில் நடக்கும் என்ற முதல் தீர்மானம் அமலியின் முன்னிலையில் நிறைவேறியது. அடுத்து அவர் சந்தை வாசலைப் பற்றிப் பேசினார். காகிதம் எதுவும் பார்க்கவில்லை. நுழைய முடியாதவர்கள் பட்டியலில் தன்னை விட்டுவிட்டு, குழந்தை வண்டி தள்ளுகிறவர்கள், காய்கறி மூட்டையை வண்டியில் தள்ளி வருகிறவர்கள், கைத்தடி பிடித்தவர்கள் என்று சொல்லிக்கொண்டே போனார்.

"குழாய் நட்டதுக்கப்பறம் சந்தைக்குள்ள ஒரு மாடு வந்துச்சா சொல்லு" என்றார் சேது.

"வரலைண்ணே. மாடும் வரலை, நானும் வரலை."

படி முழுக்கச் சிரிப்பு. சேதுவும் அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார். "சரி, ரெண்டு குழாயைப் பிடுங்கிட்டு, தரைய ஒசத்திச் சரிவு போட்டுருவோம். நியமன உறுப்பினர் முன்மொழிய முடியாதுல்ல? நானே முன்மொழியுறேன். எழுதிக்கங்க மேடம். மாடு வந்தா மட்டும் நான் பொறுப்பில்ல."

"வரட்டும்ணே, நான் வெரட்டுறேன். நான்தான் உள்ள இருப்பேன்ல."

கூட்டம் முடிந்து கீழ்த்தளத்தில் தேநீரும் வெள்ளைப் பணியாரமும் வைத்திருந்தார்கள். உறுப்பினர்கள் ஒவ்வொருவராக இறங்கிவந்தார்கள். அடிப்படிக்கு அருகில் இருந்த அமலி ஒவ்வொருவருக்கும் கை கூப்பி, தனித்தனியாக, "வாங்க" என்றார். சேதுவுக்கு மட்டும் இரண்டு தடவை. கடைசியில் எனக்கும் ஒன்று கிடைத்தது.

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். பார்வையாளராக அமர முன்கூட்டியே தலைவரிடம் அனுமதி கேளுங்கள். எனக்கு அமலி வாங்கித் தந்தார். கூட்ட நாள் மாதத்துக்கு மாதம் மாறலாம், தொலைபேசியில் உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள். நகரப் பேருந்து ஒரு மணி நேரத்துக்கு ஒன்று, மதியம் 1.10 வண்டியை விட்டால் அடுத்தது 2.10. நான் விட்டுவிட்டேன், பணியாரம் காரணம். அங்கேயே சாப்பிட ஒரு மெஸ் இருக்கிறது, சாப்பாடு 90 ரூபாய். அலுவலகத்தில் பழக்க தோஷத்தில் யாராவது மாடியைக் காட்டினால் ஏறிவிடாதீர்கள். கூட்டம் இப்போது கீழே, பின்வாசலை ஒட்டிய பெரிய அறையில்.

படிக்கட்டில் கூடிய கூட்டம் விதிப்படி செல்லுமா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது. தெரிந்தவர்கள் எழுதுங்கள். செல்லாது என்றால் மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்.

இதை எழுதி முடித்த பிறகு, சென்ற சனிக்கிழமை அமலியிடமிருந்து ஒரு படம் வந்தது. மடியில் ஒரு கூடை, கூடையில் ஊதா நிறக் கத்திரிக்காய். கீழே எழுதியிருந்தார்: "நானே உள்ள போய், அமுக்கிப் பாத்து வாங்குனது ஐயா. அரைக் கிலோ. அதுல ரெண்டு சொத்தை."